ஆட்டோகிளேவில் வெந்த எண்ணெய்ப்பனைக் கன்றுகள்

என் பெயர் பர்லின்டுங்கான் ஹராஹாப், வயது 26. இந்தோனேசியா, ரியாவ் மாகாணம், கம்பார் மாவட்டம், பங்கினாங் ஊருக்கு வெளியே தோட்ட நிறுவனத்தின் பணியாளர் குடியிருப்பில் வசிக்கிறேன். மேற்படி நிறுவனத்தின் திசு வளர்ப்பு ஆய்வகத்தில் டெக்னீஷியன். வக்கீல் வேண்டுமா என்று போலீஸார் கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

எண்ணெய்ப்பனை விதையை உடைத்து, உள்ளே அரிசி மணி போலிருக்கும் கருவை எடுத்து, பாட்டிலில் ஊட்டக்கூழில் வைத்துக் கன்றாக்குவது எங்கள் வேலை. சில கருக்களை மருந்து வைத்துக் கட்டியாக்கி, கட்டியை நறுக்கி நறுக்கி நிறையக் கன்று எடுப்பதும் உண்டு. அந்தக் கட்டியை ஓரளவுக்கு மேல் நறுக்கினால் கன்று வளர்ந்து காய்க்கும்போது பழம் கோணிப்போகும், அதனால் எறிந்துவிட வேண்டும். புதுக் கருக்கள் பூஞ்சை பிடித்துப் போனதால் பழைய கட்டியையே நறுக்கச் சொன்னார் மேலாளர் சுகியார்தோ. நறுக்கினோம்.

அதன் பிறகு, சில வருடம் முன்பு எங்களிடம் அதே கட்டியின் கன்று வாங்கி நட்ட, அரசு இங்கே நிலம் கொடுத்துக் குடியேற்றிய விவசாயி வாகிமான் ஒரு குலையைத் தோளில் சுமந்து வந்தார். பழத்தைச் சுற்றிலும் கொம்பு கொம்பாகச் சதை. எண்ணெய் கிடையாது.

"மேனேஜர் ஐயா, என் பழத்துக்குக் கொம்பு முளைச்சிருக்கு. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆட்டோட சேத்து வித்துடவா?" என்றார்.

"உரம் போட்டாத்தானே ஒழுங்காக் காய்க்கும். வெட்டிப் போட்டுட்டு வேற வை. கன்னு நாங்க தர்றோம்" என்றார் மேலாளர். வாகிமான் மரங்களை வெட்டிவிட்டார். மறுபடி தரவிருந்ததும் அதே கட்டியின் கன்றுகள்தான்.

அதன் பிறகு நான் மேலாளரிடம் இவை போகக் கூடாது என்றேன். "இலையப் பாருடா, பச்சப்பசேல்னு இருக்கு. உனக்கு என்ன நோவு?" என்றார். இலையில் தெரியாது, குலை வந்தால்தான் தெரியும் என்றேன். லாரி சனிக்கிழமை வரும் என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் தொழுகைக்குப் போனார்கள். நான் போகவில்லை. கன்றுப் பாட்டில்களைத் தட்டுத் தட்டாக எடுத்து ஆட்டோகிளேவில் அடுக்கினேன். அது பெரிய பிரஷர் குக்கர், பூஞ்சை பிடித்த பாட்டில்களை வேகவைத்துக் கழுவுவதற்கானது. மூடியைத் திருகி ஸ்விட்சைப் போட்டேன். ஒரு தடவைக்குக் கொள்ளாததால் மூன்று தடவை போட்டேன்.

கடைசித் தடவையில் உடன் வேலை செய்யும் எர்லினா வந்தாள்.

"என்ன அண்ணா, கீரை வேகுற வாசனை வருது? லேபுலயே சமையலா?"

"கன்னு."

"எல்லாமா?"

"எல்லாம்."

எனக்கு வாங்கி வந்த சோற்றுப் பொட்டலத்தை மேசையில் வைத்தாள். சாப்பிட்டேன். மீன் குழம்பு. அதன் பிறகு மேலாளர் வந்தார், அதன் பிறகு நீங்கள் வந்தீர்கள்.

கன்றுகள் கெட்டவை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறீர்கள். என்னிடம் இல்லை. எல்லாமே கெட்டவை என்று நான் சொல்லவில்லை. பாதி நல்லதாக இருந்திருக்கலாம், எந்தப் பாதி என்று யாருக்கும் தெரியாது. ஆதாரம் வேண்டுமென்றால் அவற்றை வாகிமான் நிலத்தில் நட்டு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். ஆதாரம் வராமல் இருக்கத்தான் வேகவைத்தேன்.

எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். "நல்ல கன்றுகளை நாசம் செய்தேன்" என்றிருந்த வரியை அடிக்கச் சொன்னேன், அடித்தார்கள். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை.

(கையொப்பம்)
பர்லின்டுங்கான் ஹராஹாப்