யோசிக்கிறவனுக்கு ஒரு பாட்டு

தேவாரம் ஊரில் ஏலக்காய்க் கடை வேலையை விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தேன். பாதி வழியில் தேனி பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன். முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். அவர் மடியில் ஆர்மோனியப் பெட்டி, அவள் மடியில் அட்டை கிழிந்த தடித்த நாவல்.

“இந்தக் கதையைப் படமா எடுத்தா, கடவுள் இருக்காரான்னு இதுல வர்றவன் நூறு பக்கம் ஆத்தங்கரையில உக்காந்து யோசிக்கிறானே, அதுக்கு என்ன பாட்டுப் போடுவீக?” என்று கேட்டாள்.

“நாடகத்துல ராஜா வந்தா என்னைய மாதிரி பெட்டிக்காரன் முதல்ல எடுத்துப் பாடணும். இவன் எங்கிட்டும் வர மாட்டேங்கிறானே புள்ள.”

“அப்ப சுத்தி நாலு பேரை ஆட விடுங்க.”

“கடவுளே எந்திரிச்சுப் போயிருவாரு.”

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவர் பெட்டியைத் திறந்தார். “மூணு மாசமா ஒரு ஊர்லயும் நாடகமில்ல. தேனியில கடைக்காரர்கிட்ட இதை விக்கிறதுக்கு முன்னால ஒருக்கா வாசிச்சுக்கிறேன்.”

ஒரே கட்டையை அமுக்கிப் பிடித்து, துருத்தியை மெதுவாக அசைத்தார். முதலில் காற்று மட்டும் வந்தது. பிறகு ஒரு சுரம் மெல்ல எழுந்து நின்றது. கண்டக்டர் டிக்கெட் கிழிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இம்புட்டுத்தான் பாட்டு. மூச்சு விடுறான், யோசிக்கிறான்.”

அவள் நாவலை மூடினாள். “இன்னும் இருநூறு பக்கம் கெடக்கு. பெட்டியை வித்துப்புட்டா அவன் எப்படி மூச்சு விடுவான்?”

இருவரும் சின்னமனூரிலேயே இறங்கி, ஊர் திரும்பும் பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் போய் நின்றார்கள். பெட்டி இப்போது அவள் இடுப்பில் இருந்தது.

மறுநாள் காலை தேனி சந்தையில் வெங்காய மூட்டை தூக்கும் வேலையில் சேர்ந்தேன். ஒவ்வொரு மூட்டைக்கும் அந்த ஒற்றைச் சுரத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன்.