பனங்கட்டி ஒன்றும் செய்யாது

எங்கள் வீட்டில் விருந்தாளி குடித்து முடிக்கும்வரை வீட்டுக்காரர் தம் பேணியைத் தொடுவதில்லை. என் தகப்பனார் காலத்து ஒழுங்கு அது. யாழ்ப்பாணத்தை விட்டுச் சிங்கப்பூருக்கு வந்த பின்னும் நான் அதைக் கைவிடவில்லை. ஆகவே, டொக்டர் தனசேகரன் அவர்களே, குலசிங்கம் இத்தனை நாளும் என்ன குடித்தார் என்ற கேள்வியைச் சரியான ஆளிடம்தான் கேட்கிறீர்கள். எல்லாம் நான் என் கையால் கொடுத்தது.

இருங்கள். உள்ளே பெண்கள் அழுது ஓயட்டும். மரணச் சான்றிதழை ஆறுதலாக எழுதலாம்.

குலசிங்கம் என் மனைவி பூரணத்தின் தம்பி. மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. அவருடைய அரசாங்க வீட்டை ஜப்பான் படை எடுத்துக்கொண்டபோது, சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நீங்கள் நீரிழிவு என்பீர்கள், நாங்கள் சலரோகம் என்போம். அது அவருக்குப் பல வருடமாக இருந்தது. காலில் ஆறாத புண். கப்பலில் மருந்து வருவது நின்றுபோயிற்று. இனிமேல் உண்பதும் குடிப்பதும்தான் மருந்து என்று என்னைத் தனியே அழைத்துச் சொன்னீர்கள். தாகம் எடுத்தால் வெறும் தண்ணீர், கொத்தமல்லித் தண்ணீர், சீனி போடாத தேத்தண்ணீர், கிடைத்தால் நீர்மோர். கஞ்சித் தண்ணீர் வேண்டாம். கடைசியாக இன்னொன்றும் சொன்னீர்கள்: வெள்ளைச் சீனியானாலும் பனங்கட்டியானாலும் இந்த நோய்க்கு இரண்டும் ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒப்புவித்தேன், அந்தக் கடைசி வாக்கியத்தைத் தவிர. அப்போது என் மனதில் தீங்கு ஒன்றும் இல்லை. கண்ணில் காணக் கிடைக்காத பண்டத்தைப் பற்றி எதற்குப் பேச்சு என்று விட்டேன்.

பஞ்சம் அவருக்கு நல்ல வைத்தியம் பார்த்தது. நாங்களெல்லாம் மரவள்ளிக் கிழங்கைத் தின்று வற்றிப்போனோம். அவரோ தெளிந்தார். புண் காய்ந்தது. மாலையில் கோயில்வரை நடந்து போய் வந்தார்.

அப்படி இருக்கும்போதுதான் சயாம் ரயில் பாதை வேலைக்கு வீடு வீடாக ஆள் பிடிக்க வந்தார்கள். நான் சாமியறையில் இருந்தேன். கதவைத் திறந்தவர் குலசிங்கம். இளைஞர் யாரும் உண்டா என்று மொழிபெயர்ப்பாளன் கேட்க, ஒருவன் இருக்கிறான் என்று சொல்லிவிட்டார். இல்லை என்று சொல்வதற்கும் அதே அளவு மூச்சுத்தான் செலவாகும். என் ஒரே மகன் தியாகராசாவைக் கொண்டுபோனார்கள். பயத்தில் வாய் தவறிவிட்டது என்று குலசிங்கம் பிறகு அழுதார். நான் அவரை ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லை.

அடுத்த வருடம் அங்கிருந்து தப்பி வந்த ஒருவர் செய்தி சொன்னார். வாந்திபேதி. கடைசி இரவு முழுவதும் தண்ணீர் கேட்டானாம். கொடுக்க ஆளில்லை.

குலசிங்கம் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவருக்குத் தாகம் எடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

ஓய்வுபெற்றபோது எனக்குக் கிடைத்த தங்கக் கடிகாரத்தை நாகூர் கனியிடம் கொடுத்தேன். கள்ளச் சந்தையில் அவர் கையில் வராத பொருள் கிடையாது. அதற்குக் குலா மலாக்கா தந்தார், தென்னஞ்சர்க்கரை, ஒரு கூடை நிறைய.

"என்னா பெரியவரே, வீட்ல கல்யாணமா? இந்தக் காலத்துல இம்புட்டு இனிப்பு ஆகாது" என்று சிரித்தார்.

வீட்டில் விருந்தாளி இருக்கிறார் என்றேன்.

அதைக் கொத்தமல்லித் தண்ணீரில் காய்ச்சி, குலசிங்கத்துக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் மிடறிலேயே நிறுத்தினார்.

"அத்தான், இது இனிக்குதெல்லே?"

"சீனி இல்லை. பனங்கட்டி மாதிரித்தான்."

அவர் முகம் மலர்ந்தது. "பனங்கட்டி எண்டால் ஒண்டும் செய்யாது. எங்கட அப்பு சாகுமட்டும் அதைக் கடிச்சுக் கடிச்சுத்தானே தேத்தண்ணி குடிச்சவர்."

நம்மவர்கள் எல்லாரும் அப்படித்தான் நம்புகிறார்கள். நான் திருத்தவில்லை.

குடித்தார். தாகம் எடுத்தது. தாகத்துக்கு மறுபடியும் கொடுத்தேன். சில வாரங்களில் பேணியைக் கீழே வைக்குமுன்பே அடுத்ததைக் கேட்டார். ஒருநாள் உடம்பு சரியில்லை, இன்று பச்சைத் தண்ணீர் போதும் என்றார். பூரணம்தான் அவரை அதட்டினாள்.

"அத்தான் தன்ர பங்கையும் உனக்குத் தாறார். வேண்டாம் எண்டு சொல்லி அவரை அவமதியாத."

தலை குனிந்து வாங்கிக் குடித்தார். பெரியவர் கையால் கொடுப்பதை மறுக்காத வளர்ப்பு. அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. அயலவர்கள் என் பெருந்தன்மையைப் புகழ்ந்தார்கள். அதையும் நான் மறுக்கவில்லை.

புண் மறுபடி திறந்தது, கறுத்தது. கடைசி இரண்டு நாளும் நினைவில்லை. உதடு மட்டும் அசைந்தது. தண்ணீர் கேட்டார் என்று நினைக்கிறேன். அப்போது நான் ஒன்றும் கொடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இவ்வளவுதான். யாரிடம் சொல்வதானாலும் சொல்லுங்கள், நான் மறுக்கமாட்டேன். இன்னும் ஒன்று உண்டு. பூரணம் அதை உங்களிடம் திரித்துச் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

தியாகராசாவைப் பிடித்தவர்கள் உடனே அனுப்பிவிடவில்லை. ஒரு பள்ளிக்கூடத் திடலில் கம்பி வேலிக்குள் சில நாள் அடைத்து வைத்திருந்தார்கள். குலசிங்கம் தினமும் போய், வாசல் சிப்பாய்க்கு முன்னால் இடுப்பை வளைத்து வெயிலில் நின்றார். கடைசி நாள் மூச்சு வாங்க ஓடிவந்து என் காலடியில் உட்கார்ந்தார்.

"அத்தான், ஒருக்கால் வாங்கோ. தகப்பன் வந்து குனிஞ்சு கேட்டால் பெடியனை விடுறன் எண்டு அதிகாரி சொல்லுறான். ஒருக்கால் குனிஞ்சால் காணும்."

நான் எழுந்திருக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கோயிலைத் தவிர வேறெந்த வாசலிலும் குனிந்தவர் கிடையாது. அதை அவர் அறிவார். அறிந்தும் என்னைக் கேட்டார். மறுநாள் விடியலில் லொறிகள் புறப்பட்டுப் போய்விட்டன.

ஆகவே, டொக்டர், என் மகனைக் கொன்றவர் யார் என்பதில் எனக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை.