சாரதி சீற்றில் நெல் மூட்டை

“உனக்குப் பதிலா ஒரு நெல் மூட்டைய இருத்தித்தான் காரைச் சரிபண்ணின நான்.”

ஓட்டமாவடியில் நான் பொலனறுவை பஸ் ஏறியதும் என் முன் இருக்கையில் இருந்த கார் மெக்கானிக் ஒருவர் இப்படிச் சொன்னார். அவர் பக்கத்தில் இருந்தவர் நாளைக்குப் பொலனறுவையில் நடக்கும் பந்தயத்தில் அந்தக் காரை ஓட்டப் போகிறவர். கார் லொறியில் முன்னால் போய்விட்டது.

“மூட்டை என்ன நிறை மச்சான்?”

“உன்ட நிறைதான், எழுபது கிலோ. நீ ஏறி இருக்கக்குள்ள ரெண்டு பக்கமும் பாரம் சமனா வரணும். அதுக்குத்தான் ஸ்பிறிங்கைத் திருகித் திருகி வெச்சன்.”

“மூட்டைய எப்ப தராசில நிறுத்த நீ?”

“நெல்லு வெட்டின அண்டைக்கு, வட்டையில, வயலுக்குள்ளயே.”

“சீற்றில வெச்சது?”

“போன கிழமை. நல்லாக் காயப்போட்டு, திரும்பக் கட்டி...”

மெக்கானிக் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“ஈர நெல்லு காஞ்சா நிறை குறையுமெண்டு தெரியாதாடா? நீயும் வெள்ளாமை செய்யிற ஆள்தானே! நான் ஏறினா வலப்பக்கம் பதியும். வளைவில இழுத்தா என்ன செய்யிற? அங்க போய் மாத்தேலாதா?”

“பாரம் பாக்கிற தராசு வீட்டில இரிக்கு.”

சாரதி வடைப் பொட்டலத்தைப் பிரித்தார். மெக்கானிக் அதை மெல்ல வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“நாளைக்கு ஓடி முடியுமட்டும் தின்னாத மச்சான்.”