செபாஸ்டியன் மாமா பதிந்து கொடுத்த கேசட்டுகள்

எதையும் கூட்டாமல், எதையும் மறைக்காமல், நடந்ததை நடந்தபடியே பதிவு செய்வேன் என்று சொல்லித்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

மேடையில் அமர்ந்திருக்கும் நம் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் ஜானகிராமன் ஐயா அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும், செபாஸ்டியன் மாமாவின் மனைவி அருள்செல்வி அத்தை அவர்களே! பத்தாம் வகுப்புப் படிக்கும் கஸ்தூரியின் வணக்கம்.

எனக்குப் பின்னால் தொங்கும் துணியில் 'இசை வள்ளல் செபாஸ்டியன்' என்று எழுதியிருக்கிறார்கள். யார் இந்த வள்ளல்? அம்பத்தூரில் ஒரு சின்னப் பட்டறையில் பிரஸ் ஓட்டியவர். தகரத்தை வைத்து, மிதியை மிதித்து, நாள் முழுவதும் அந்த இடிச் சத்தத்தில் நின்றவர். அவருக்குச் சொந்தமாக இருந்தது இரண்டு கேசட் போடும் ஒரு டேப் ரிக்கார்டர். அதை வைத்துக்கொண்டு நம் தெருவில் எத்தனை பேருக்குப் பரிசு கொடுத்தார்!

கடையில் வாங்கிய பரிசா அது? இல்லை. இன்னாருக்கு இந்தப் பாட்டு என்று தேடித் தேடிப் பதிந்த பரிசு. ரயிலடியில் இட்லி விற்கும் வேம்புலியம்மாளிடம், "ஒன் வூட்டுக்காரு இன்னா பாட்டு பாடுவாரு?" என்று கேட்டார். அந்த அம்மாவுக்கு இரண்டு வரிதான் ஞாபகம். அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு மூன்று மாதம் கரையான்சாவடி வரைக்கும் இசைத்தட்டுக் கடைகளில் அலைந்தார். கண்டுபிடித்துப் பதிந்து, அந்த அம்மாவிடம் போட்டுக் கேட்க ரிக்கார்டர் இல்லையே என்று தன் ரிக்கார்டரையே தோளில் சுமந்துபோய் வைத்தார்.

வேம்புலியம்மாள் இட்லித் துணியை முகத்தில் மூடிக்கொண்டு, "இன்னா நைனா நீ! அந்தாளு செத்தும் என்னிய உடமாட்டேன்றானே!" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

போன வருடம் என் பிறந்தநாளுக்கு எனக்கும் ஒரு கேசட் கொடுத்தார். ஓட விட்டேன். ஒன்றுமே இல்லை. திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கமும் வெறும் இரைச்சல். மறுநாள் மாமா ஆசையாக வந்து, "இன்னாம்மா, எப்டிக்கீது?" என்றார். "ஒண்ணும் பதியலை மாமா" என்றேன். "அப்டியா! மூணாவது பாட்டுதான் எனக்கும் ரொம்பப் புடிக்கும்" என்றார்.

நான் சொன்னதையே நோட்டில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வெளக்கு எகிறி எகிறி எரிஞ்சிச்சே கண்ணு" என்றார். பாட்டு ஓடுவதை, ரிக்கார்டரில் சத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் பச்சை விளக்குகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருக்கிறார். பதிகிற சிவப்புப் பொத்தானை அழுத்த மறந்திருக்கிறார். மறந்தது அவர் காதுக்குத் தெரியவில்லை.

ஆம், பெரியோர்களே! இசை வள்ளலுக்குக் காது கேட்காது. நமக்குப் பாட்டுக் கொடுத்தவருக்குப் பாட்டுக் கேட்காது. பழைய ஞாபகத்திலிருந்துதான் ஒவ்வொருவருக்கும் பாட்டுத் தேர்ந்தெடுத்தார். எதிரில் பேசுகிறவரின் உதட்டைப் பார்த்து, பாதியை ஊகித்துத்தான் சமாளித்தார்.

"யார்கிட்டயும் சொல்லாத. தெரிஞ்சா பிரஸ்ல வெச்சிக்க மாட்டாங்க. ஒங்க அத்த பயந்துடுவா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் சத்தியம் செய்தேன். அன்றிலிருந்து அவர் பதிந்த ஒவ்வொரு கேசட்டையும் நான் கேட்டுச் சரிபார்த்தேன். 'முதல் பக்கம், நான்காவது பாட்டு, நடுவில் அறுந்திருக்கிறது' என்று எழுதிக் கொடுப்பேன். அவர் திரும்பப் பதிவார். அந்த நோட்டு இதோ என் கையில் இருக்கிறது. பதினான்கு மாதம்.

இப்போது போன செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். காலை ஆறே முக்காலுக்கு மாமா வேலைக்குக் கிளம்பினார். சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனார். அத்தை வாசலில் நின்று மூன்று முறை கூப்பிட்டார். மாமா திரும்பவில்லை. தெருவே பார்த்தது. கால் மணி நேரத்தில் நெமிலிச்சேரிப் பக்கம் தண்டவாளத்தைக் கடக்கும்போது ரயில் அடித்துவிட்டது.

அன்று மாலையே டீக்கடையில் என்ன பேச்சு! கஜபதி அண்ணன் மன்னிக்க வேண்டும், நான் காதால் கேட்டதைத்தான் சொல்கிறேன். "ஞாயித்துக்கெழமலேர்ந்து ஊட்ல சண்ட மாமே. அந்தம்மா கத்துது, இவரு திரும்பிக்கூடப் பாக்கல. நேரா போய் உழுந்துட்டாரு." இதைக் கேட்ட நான்கு பேரும் தலையாட்டினார்கள். துக்கம் கேட்க வந்தவர்களும் அத்தையின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அத்தையும் ஆறு நாளாக ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் விழவில்லை! சாகப் போகிறவர் இந்த நோட்டிலேயே அடுத்த பரிசுகளுக்குப் பட்டியல் எழுதி வைப்பாரா? அவர் கோபமாகவும் போகவில்லை. கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. ரயில் ஊதியதும் கேட்கவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதையும் மறைக்க மாட்டேன் என்றுதானே ஆரம்பித்தேன். அன்று காலை நான் தெருக்குழாயில் நின்றுகொண்டிருந்தேன். அத்தை கூப்பிட்டதைப் பார்த்தேன். அவருக்குக் கேட்காது என்று அந்தத் தெருவில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். ஓடிப்போய்த் தோளைத் தொட்டிருக்கலாம். குழாயில் தண்ணீர் நின்றுவிடுமே என்று குடத்தோடு நின்றேன். சத்தியத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பதினான்கு மாதம் வாயை மூடியிருந்தேன். அத்தையிடம் முன்பே சொல்லியிருந்தால் அவரைத் தனியாகத் தண்டவாளம் கடக்க விட்டிருப்பாரா? என்னை மன்னியுங்கள் என்று கேட்கக்கூட எனக்குத் தெரியவில்லை.

அவர் கடைசியாகப் பதிந்த கேசட் என்னிடம் இருக்கிறது. அரையாண்டுத் தேர்வு என்பதால் கேட்காமல் வைத்திருந்தேன். நேற்றுதான் கேட்டேன். அது அத்தைக்கு. அதில் கடையில் கிடைக்கும் பாட்டு ஒன்றுகூட இல்லை. மாமாவே பாடியிருக்கிறார். சுருதி சேரவில்லை. இரண்டு இடத்தில் நிறுத்தி இருமுகிறார். பதிவு தெளிவாக இருக்கிறது.

பட்டியலில் இன்னும் இரண்டு பெயர் மிச்சம். கண் ஆபரேஷனுக்குப் போகும் தங்கவேல் அண்ணனுக்கு, கட்டுப் பிரிக்கும் வரை படுத்துக் கேட்க நாகசுரம் என்று குறித்திருக்கிறார். பட்டாபிராமில் தனியாக இருக்கும் நாகம்மாவுக்கு, குழந்தைகள் கூட்டமாகப் பாடுவதாக ஏதாவது. அந்த இரண்டையும் நான் பதிந்து கொடுப்பேன். அதற்குப் பிறகும் பதிவேன். இது இந்தச் சபையில் நான் கொடுக்கும் வாக்கு. வணக்கம்.

நான் பேசியதைச் சங்கத்தின் குறிப்பேட்டில் எழுதித்தரச் சொன்னார்கள். மேலே இருப்பது அதுதான். பிறகு நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

யாரும் கைதட்டவில்லை. நான் இறங்கிப்போய்க் கேசட்டை நீட்டினேன். அருள்செல்வி அத்தை அதை வாங்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நான் கூப்ட்டது அவருக்குக் கேக்கவே இல்லியா?"

"இல்ல அத்த."

"மூணு வாட்டி கூப்ட்டனே."

"ஒண்ணுகூட கேட்டிருக்காது அத்த."

"அந்த ஞாயித்துக்கெழம நான் பேசுனது?"

தெரியவில்லை என்றே சொன்னேன். அத்தை கேசட்டை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். கஜபதி அண்ணன் எழுந்துவந்து நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தார். எல்லோரும் போய்விட்டார்கள். அத்தை எழுந்திருக்கவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எட்டு மணிக்கு மண்டபத்தின் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.