வைஃபை வரும்வரை பேசச் சொன்னார்கள்

மாலை வாடுவதற்குள் விழா முடிந்துவிட வேண்டுமே என்ற கவலையோடு தலைமையேற்றிருக்கும் விவசாயிகள் சங்கத் தலைவர் பஞ்சநதம் அவர்களே! பச்சைத் துண்டுப் பெரியவர்களே! நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, ஒரு கண்ணால் மேடையையும் ஒரு கண்ணால் மேகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

கொள்முதலுக்கு இணையத்தில் பதிய இன்று மாலையே கடைசி. அதற்காகத்தான் சங்கத்துக்கு லினக்ஸ் கணினி வந்தது. கணினி வந்ததா? வந்தது! வைஃபை வந்ததா? வரவில்லை! டிரைவர் என்னும் சிறு மென்பொருள் அதில் இல்லையாம். இணையம் வேண்டுமா, டிரைவர் வேண்டும். டிரைவர் வேண்டுமா, அதை இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும். ஆகா, என்னே அமைப்பு! என்னே அழகு!

நாம் என்ன செய்தோம்? ஆற்றில் தண்ணீர் வராவிட்டால் என்ன செய்வோமோ, அதையே செய்தோம். கூடினோம், கொதித்தோம், கோரிக்கை மனு கொடுத்தோம். மறியலுக்கும் நாள் குறித்தோம். யாரை மறிப்பது என்றுதான் விளங்கவில்லை. பின்வரிசையில என்னங்க சிரிப்பு? மனுவுல உங்க கையெழுத்தும் இருக்குல்ல!

கூத்தாநல்லூர்ப் பொறியாளர் சாஜிதா போன வாரமே வந்தார். "என் போனை கேபிள்ல மாட்டினா நெட் வந்துடும். அதுலயே டிரைவரை இறக்கிடலாங்க" என்றார். தலைவர் விடுவாரா? "இப்பவே வந்துட்டா, அப்புறம் விழாவுல எதைம்மா திறக்கிறது?" என்று கேட்டார். தொலைநோக்கு என்றால் இதுவன்றோ தொலைநோக்கு!

ஆகவே அன்பர்களே, இப்போதுதான் போனை மாட்டியிருக்கிறார். இணையம் வந்துவிட்டது. டிரைவர் ஏறிக்கொண்டிருக்கிறது. அது ஏறி முடிக்கும்வரை என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

என்ன நாகம்மாள் அக்கா? சத்தமாச் சொல்லுங்க.

"நெட்டுதான் வந்துருச்சே, பதிய வேண்டியதுதானே?"

வைஃபையில வந்தாத்தான் விழாங்கிறார் தலைவர்.

"கேபிள்ல வந்தா என் நெல்லை வேணாம்னுடுவாங்களா? ரோட்டுல கொட்டிக் கிடக்குய்யா! நனைஞ்சு முளைச்சுப் போச்சுன்னா, உங்க ரிப்பனையா திங்கிறது?"

கேட்டீர்களா! இத்தனை நேரம் நான் அடுக்கிய அடுக்குமொழி அத்தனையும் இந்த ஒரு கேள்விக்கு முன்னால் நிற்குமா? அட, இடி இடிக்கிறதே! எல்லோரும் எங்கே எழுந்து போகிறீர்கள்? தாய்மார்களே, மெதுவாக! பெரியவர்களே, நாற்காலி பத்திரம்! தலைவர் அவர்களே... தலைவரையும் காணோம். சிட்டாவும் கையுமாகக் கணினி முன் வரிசையில் நிற்கிறார்.

"வைஃபையும் வந்துருச்சுங்க!" என்கிறார் சாஜிதா. மகிழ்ச்சியம்மா. கைதட்டத்தான் ஆளில்லை.

எனவே, காலி நாற்காலிகள் நிறைந்த இந்தப் பேரவைக்கு என் நன்றியும் வணக்கமும். நாகம்மாள் அக்கா, வரிசையில உங்க பின்னால எனக்கும் ஒரு இடம் போட்டு வைங்க. என் நெல்லும் ரோட்டுலதான் கிடக்கு!