வலது கால் வலி

தைல வாடை எனக்கு ஆகாது, ஐயா. ஆனாலும் தினமும் காலையில் டெலிவரி வண்டிகள் கிளம்பும் முன் டிரைவர்களை என்னைச் சுற்றி உட்காரவைத்து, "யாருக்கு எங்க வலிக்குது? கூச்சப்படாம சொல்லுங்க" என்று கேட்டு, என் கையாலேயே தைலம் கொடுப்பேன். பாதுகாப்பு அதிகாரி என்றால் அதுதான் வேலை. வெடித்த குதிகாலையும் வீங்கிய முட்டியையும் என் மூக்குக்கு நேரே நீட்டுவார்கள். முகம் சுளிக்காமல் கேட்டு, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவேன்.

நம்பிச் சொன்னார்கள். அதுதான் உபயோகப்பட்டது. யாராவது விபத்தில் அடிபட்டு நஷ்டஈடு கேட்டால், அவருடைய பழைய வலியைத் தேடியெடுத்து, 'ஏற்கெனவே இருந்த கோளாறு' என்று இன்சூரன்ஸுக்கு அனுப்புவேன். பொய்யில்லை பாருங்கள், எல்லாம் அவர்கள் வாயால் சொன்னது.

விசில் என்று எல்லோரும் கூப்பிடும் டிரைவர் விஷயத்துக்கு வருகிறேன். வண்டியைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் விசிலடிப்பார், அதனால் அந்தப் பெயர். ஒருநாள் என் எதிரில் செருப்பைக் கழற்றிப் போட்டார்.

"சார், பிரேக்கு பிடிக்கவே மாட்டேங்குது. மிதிச்சு மிதிச்சு வலது காலு விண்ணு விண்ணுன்னு வலிக்குது. வண்டிய மெக்கானிக்குகிட்ட விடுங்க. தைலத்த நீங்களே தேச்சுக்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

'வலது கால் வலி' என்று மட்டும் பதிந்தேன். பிரேக்கைப் பதிந்தால் வண்டியை நிறுத்தியாக வேண்டும். அன்று பார்சல்கள் மலையாகக் குவிந்து கிடந்தன.

மறுவாரம் பாலத்து இறக்கத்தில் விசிலின் வண்டி நிற்காமல் சுவரில் மோதியது. ஆஸ்பத்திரியில் அவருடைய வலது காலை முட்டிக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள். கால் வலியோடு ஓட்டியதால் அவரால் பிரேக்கை மிதிக்க முடியவில்லை என்று நான் எழுதினேன். பதிவு கையில் இருந்தது. நொறுங்கிய வண்டியை யாரும் சோதிப்பதற்குள் பழைய இரும்புக்குப் போட்டேன். நஷ்டஈடு இல்லையென்று ஆனது.

அவர் மனைவி என் அறைக்கு வந்தார். சேலையெல்லாம் ஆஸ்பத்திரி வாடை. எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன்.

"அண்ணே, பிரேக்கு சரியில்லன்னு உங்ககிட்ட சொன்னேன்னு அவரு தூக்கத்துலகூடப் புலம்புறாரு. ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. நஷ்டஈடு வந்து செயற்கைக் கால் வெச்சாத்தான் அவரு எந்திரிச்சு நிப்பாரு."

"எங்கிட்ட சொல்லவே இல்லியேம்மா. சொல்லியிருந்தா விட்டிருப்பேனா?"

பாவமாகத்தான் இருந்தது. ஒரு பாட்டில் தைலத்தை எடுத்து நீட்டினேன். கையில் வாங்கினார். பிறகு மேஜையின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இந்தக் காலத்தில் நன்றி யாருக்கு இருக்கிறது?

ஆமாம், அவர் சொன்னார். நான் கேட்டேன். தெரிந்துதான் செய்தேன். விசாரிக்க வந்திருக்கிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். இப்போதும் காலையில் தைலத்தோடு போய் நிற்கிறேன். ஒருவரும் வாய் திறப்பதில்லை. "நல்லா இருக்கோம் சார்" என்கிறார்கள், ஒன்றுபோல. என் பொறுப்பில் இருக்கும் யாருக்கும் இன்று எந்த வலியும் இல்லை, ஐயா.