டாக்டர் பிரிஸ்கில்லாவின் நாற்பத்து மூன்று குழந்தைகள்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நூற்பாலைத் தொழிலாளர் சங்கத்தின் விஜயபாண்டி அவர்களே, டாக்டரம்மாவின் மகள் ஷெரின் அவர்களே, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நான் கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆனாலும் ஒலிபெருக்கி என்றால் பயம். எழுதி வந்ததைப் படிக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொரோனா காலத்தில் டாக்டர் பிரிஸ்கில்லா தம் கிளினிக்குக்கு ஒரு பி.சி.ஆர். கருவி வாங்கினார். கொரோனா ஓய்ந்தது, கருவிக்கு வேலையில்லை. விற்றுவிடுங்கள் என்றார்கள். விற்றாரா? இல்லை! சளியும் காய்ச்சலுமாக வரும் குழந்தைகளின் மூக்கிலிருந்து, பெற்றோரிடம் கேட்டு, மாதிரி எடுத்தார். எந்த வைரஸ் என்று பார்த்தார். ஒன்று கிடைத்ததும் நிறுத்தினாரா? இல்லை! கூடவே இன்னொன்றும் இருக்கிறதா என்று தேடினார். சோதனை செய்ய என்னைக் கூப்பிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்தேன். மனைவி போன பிறகு, காலையில் சட்டை மாட்டிக்கொண்டு போக எனக்கு ஓர் இடம் கிடைத்தது.

சேத்தூர் மாரீஸ்வரி இங்கே உட்கார்ந்திருக்கிறார். ஒரு நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் டாக்டரம்மாவிடம் கேட்டார்: "ஒரு பிள்ளைக்கு ரெண்டு சளியா? இந்தச் சின்ன மூக்குல எம்புட்டுதாம்மா தங்கும்?"

"ஒரே வீட்டுல ரெண்டு குடித்தனம் இருக்கறதில்லையா தாயி? சிலது முதல்ல வந்து கதவைச் சாத்திக்கிடும், அடுத்தவனை உள்ள விடாது. சிலது சேந்துகிட்டு வீட்டையே நாசம் பண்ணிரும். எது எதோட சேருது, எது எதை விரட்டுதுன்னு தெரிஞ்சா, எந்தப் பிள்ளையைக் கூடுதலாக் கவனிக்கணும்னு முன்னாடியே தெரிஞ்சுரும்லா?"

முதலில் வரும் வைரஸ் உடம்பின் காவலை எழுப்பிவிடுகிறது. விழித்திருக்கும் காவல் சில நாட்களுக்கு அடுத்ததையும் தடுக்கலாம். நான் ஒரு மணி நேரம் வகுப்பெடுத்திருப்பேன். அவர் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார்! எப்பேர்ப்பட்ட மருத்துவர்!

இங்கே பேசியவர்கள் என்னை அவருடைய வலக்கை என்றார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.

கணினித் திரையில் ஒரு வைரஸுக்கு ஒரு கோடு மேலே எழும். சில குழந்தைகளுக்கு இரண்டு கோடுகள் எழுந்தன. எனக்குக் கை நடுங்கும். ஒரு மாதிரியின் துளி இன்னொன்றில் சிந்தியிருக்குமோ என்று பயந்தேன். பதிவேட்டில் 'கெட்டுவிட்டது' என்று எழுதி அந்தக் குழந்தையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டேன். ஒன்றா, இரண்டா? இரண்டு ஆண்டுகளில் நாற்பத்து மூன்று குழந்தைகள்! அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் ஒரு மருத்துவ இதழுக்குக் கட்டுரை எழுதி அனுப்பினார். இரண்டு வைரஸ் சேர்ந்த குழந்தைகள் மிகக் குறைவு, இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். "நம்ம ஊர்ல ரெண்டும் சேரலை போல சார்" என்று சொல்லிவிட்டு நோயாளியைப் பார்க்கப் போனார். அப்போதாவது நான் வாய் திறந்திருக்க வேண்டாமா?

போன மாதம் பழைய பதிவேட்டைப் புரட்டியவர் என்னைக் கூப்பிட்டார்.

"சார், சரிபாக்க வெறும் தண்ணி வச்ச குழியில ஏதும் கோடு எழுந்துச்சா? துளி சிந்தியிருந்தா அதுலயும் எழுந்திருக்கும்லா?"

"இல்லம்மா. அது சுத்தமாத்தான் இருந்தது."

"பொறவு யாரைச் சந்தேகப்பட்டிய?"

"என்னைத்தான்."

நர்ஸ் பாண்டிசெல்வி பக்கத்தில் நின்றிருந்தார். "சாருக்குக் கை நடுங்குனா வைரஸு ஒண்ணு ரெண்டாயிருமாக்கும்!" என்றார். டாக்டரம்மா சிரித்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை. "அம்புட்டும் ப்ரீசர்லதான இருக்கு? திங்கக்கிழமை திரும்ப ஓட்டுவோம் சார், நானும் கூட உக்காருதேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாரடைப்பு. திங்கட்கிழமை நான் பஸ் ஏறி வந்து, பூட்டிய கிளினிக்கின் வாசலில் பதினொரு மணிவரை நின்றுவிட்டுத் திரும்பினேன். அதற்குப் பிறகு எனக்கு யாரும் போன் செய்யவில்லை. எதற்குச் செய்வார்கள்?

மாத முடிவில் கிளினிக்கைக் காலி செய்கிறார்கள். ப்ரீசரில் இருப்பதை அழிக்க ஆள் சொல்லியாயிற்று என்று கேள்விப்பட்டேன். ஷெரின் அவர்களே, உங்கள் தாயாரின் வேலையைக் கெடுத்தவன் கேட்கிறேன். எனக்குப் பத்து நாள் கொடுங்கள். மறுப்பதற்கு உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

தலையசைக்கிறீர்கள். நன்றியம்மா.

அவையோரே, டாக்டர் பிரிஸ்கில்லா விட்டுச்சென்ற பணியைத் தொடர்வேன் என்று உங்கள் முன் உறுதி சொல்கிறேன். பெரிய வாக்குறுதி என்னால் ஏலாது. நாளைக் காலை, அந்த நாற்பத்து மூன்றில் முதல் பதினைந்து மாதிரிகளை வைக்கிறேன். ஒரு கோடு எழுந்தால் ஒன்று என்று எழுதுவேன். இரண்டு எழுந்தால் இரண்டு என்று எழுதுவேன். சரிதானா என்று கேட்க எனக்கு இனி ஆளில்லை. கேட்காமலே எழுதி, கீழே என் பெயரைப் போடுவேன்.